ஊருக்கு மீன், வீட்டுக்குப் பறவை

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "மீன் மிட்டாய் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். கல்லாவில் இருப்பவர் "பறவை மிட்டாயா? எவ்வளவு போடட்டும்?" என்று திருத்திவிட்டுத்தான் எடை போடுவார். தாத்தா காலத்தில் தொடங்கிய இந்தப் பேச்சு பேரன் காலத்திலும் ஓர் எழுத்து மாறாமல் நடந்துகொண்டிருந்தது. ஊரும் விட்டுக்கொடுக்கவில்லை, வீடும் விட்டுக்கொடுக்கவில்லை. நல்லவேளை, இரண்டு பெயருக்கும் விலை ஒன்றுதான்.

மிட்டாய் ஒன்றும் பெரிதில்லை. கட்டைவிரல் நகத்தளவு வட்டம். ஓரத்தில் சிவப்பு, உள்ளே வெள்ளை, வெள்ளைக்கு நடுவில் நீலத்தில் ஓர் உருவம். அந்த உருவம் மேலே அச்சடித்ததல்ல. இந்தப் பக்கம் பார்த்தாலும் இருக்கும், திருப்பிப் பார்த்தாலும் இருக்கும், வாயில் போட்டுப் பாதி கரைந்தபின் எடுத்துப் பார்த்தாலும் இருக்கும். அப்படி எடுத்துப் பார்க்காத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. எடுத்துப் பார்த்ததற்கு அடி வாங்காத பிள்ளையும் கிடையாது.

இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் உருவத்தை எப்படி நுழைத்தார்கள் என்று பெரியவர்களே கேட்பார்கள். யாரும் நுழைக்கவில்லை. பெரிதாகக் கட்டி, சிறிதாக இழுத்தார்கள். செம்புக் கொப்பரையில் பாகு காய்ச்சி எண்ணெய் தடவிய கல்மேஜையில் கொட்டுவார்கள். ஒரு பங்கில் நீலம், ஒரு பங்கில் சிவப்பு. மீதியைச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டி இழுத்து, மடித்து, மறுபடி இழுத்தால் காற்றேறி வெள்ளை வெளேரென்று பட்டுப்போல ஆகிவிடும். பிறகு நீலப் பாகை நீள நீளப் பட்டைகளாக உருட்டி, இடையிடையே வெள்ளைப் பட்டைகளை வைத்து, தொடை தடிமனுக்கு ஒரு கட்டை கட்டுவார்கள். உடம்புக்கு ஒரு பட்டை, வாலுக்கு இரண்டு, றெக்கைக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று. மேலே சிவப்பைப் போர்த்துவார்கள். அந்தக் கட்டையை உருட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் அதன் நுனியைப் பிடித்து இழுத்தால், தொடை மணிக்கட்டாகும், மணிக்கட்டு விரலாகும். உள்ளே இருப்பதும் கூடவே சுருங்கிக்கொண்டு வரும். தொடையளவுக் கட்டையில் இருந்த வாலும் றெக்கையும் அலகும் நகத்தளவில் ஒன்றுகூடத் தொலையாது. நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும். நினைக்காமல் சாப்பிடுவதே நல்லது.

இதைத் தொடங்கி வைத்த தாத்தா அதற்கு முன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். எழுத்து அழகாக வரும். படம் என்றால் பறவை ஒன்றுதான் வரும். குதிரை போடச் சொன்னால் நாய் மாதிரி போடுவாராம். அதனால் மிட்டாய்க்குள் எதை வைப்பது என்று அவர் மூளையைக் கசக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின் அவர் மகன் கட்டை கட்டினார். மகனுக்குப் பின் பேரன். மூவருமே பறவைதான் கட்டினார்கள். அதில் சந்தேகமே இல்லை. கல்மேஜைமேல் கிடக்கும் கட்டையின் முனையைப் பார்த்தால், றெக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவை கிளம்பத் தயாராக நிற்கும்.

மறுமுனையில் வெட்டி விழுவதுதான் மீன்.

இப்போது தாள்காரிக்கு வருவோம். அந்த வீட்டில் கட்டை கட்டுகிறவருக்குக் கட்டைக்காரர் என்று பெயர். மிட்டாயைத் தாளில் சுற்றுகிறவளுக்குத் தாள்காரி. அவள் கட்டைக்காரரின் மனைவியாகத்தான் இருப்பாள். கல்யாணம் செய்துகொண்டு வந்த மூன்றாவது தாள்காரி இவள். வந்த வாரத்திலேயே மாமியார் இவளைத் தாள் அறையில் உட்கார வைத்தார். கட்டை அறையில் அனல் அடிக்கும். தாள் அறையில் காற்று ஈரமில்லாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சுவரில் ஒரு திறப்பு; தாள்காரி உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் கட்டை தெரியாது. அதன் வழியாக இழுப்புக்காரர் மிட்டாய்த் தண்டை இந்தப் பக்கம் இழுத்து வந்து கத்தரிக்கோலால் வெட்டித் தள்ளுவார். வெட்டி விழுந்ததை உடனே சுற்றியாக வேண்டும். சற்று அசந்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும்.

புதுப்பெண் முதல் மிட்டாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வாய் பிளந்துவிட்டாள். "அத்தை, இந்த மீன் எவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

மாமியார் இவள் மணிக்கட்டைப் பிடித்தார். திறப்பின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "மெதுவா பேசு. அது பறவை."

"பறவையா? துடுப்பு இருக்கே அத்தை."

"அது றெக்கை. வாய் மாதிரி இருக்கே, அது அலகு. எனக்கும் மொத நாள் மீனாத்தான் தெரிஞ்சுது. எங்க மாமியாருக்கும் அப்படித்தானாம். உள்ள கட்டை கட்டறாங்களே, அவங்களுக்குப் பறவை. அவங்க மனசு நோகக் கூடாது. சுத்து."

இவள் சுற்றினாள். ஆனால் கட்டைக்காரர்களுக்குக் கண் இல்லையா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். போகப்போகத்தான் புரிந்தது. கட்டைக்காரர் கட்டையைவிட்டு ஒரு மூச்சுக்கூட நகர முடியாது. உருட்டுவதை நிறுத்தினால் சூட்டில் கட்டை ஒரு பக்கம் சரிந்துவிடும். கடைசி முழம்வரை இழுத்து முடித்து, அவர் கையைத் துடைத்து, தண்ணீர் குடித்து நிமிரும்போது இந்தப் பக்கம் எல்லாம் தாளுக்குள் போயிருக்கும். எப்போதாவது ஒன்று பிரித்தபடி கண்ணில் பட்டாலும் அவரிடம் காரணம் தயாராக இருக்கும். "இது கடைசித் துண்டு, நசுங்கியிருக்கு." "இது வெயில்ல வச்சது." "இதைப் பிள்ளைங்க நக்கியிருக்கு." தாள்காரிகள் "ஆமாங்க" என்பார்கள். ஊர் மீன் என்றால் ஊருக்குக் கண் கோளாறு. தாத்தா அப்படித்தான் சொன்னார், அப்பாவும் அப்படித்தான் சொன்னார், இவள் புருஷனும் அதையேதான் சொன்னார். நாளெல்லாம் பாகு வாசனையில் நிற்பவர்களுக்கு மிட்டாயை வாயில் போடவும் பிடிக்காது. அந்த வகையிலும் ரகசியம் தப்பித்தது.

இப்படியே தாள்காரிக்கு வயதாயிற்று. ஒரு மகளைப் பெற்று, படிக்க வைத்து, வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்தாள். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் இவள் கை நின்றதில்லை. தாளை இடது உள்ளங்கையில் விரித்து, மிட்டாயை வைத்து, இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் முறுக்கிப் போடுவாள். பேசிக்கொண்டே சுற்றுவாள், அழுதுகொண்டே சுற்றுவாள், தூங்கிக்கொண்டுகூடச் சுற்றுவாள் என்று கொழுந்தன் கேலி செய்வான். அவன்தான் இழுப்புக்காரன். கல்லாவும் அவன்தான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் முதல் மிட்டாயை மட்டும் இவள் ஒரு கணம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். முதல் நாள் வாய் பிளந்தவளின் பிரமிப்பு அந்த ஒரு கணத்தில் குறையாமல் இருந்தது. அவ்வளவு பெரியது எப்படி இவ்வளவு சிறிதாகி வருகிறது? வருகிற வழியில் அதற்குள் என்ன நடக்கிறது? கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கட்டைக்காரருக்குப் பெரியது மட்டும் தெரியும். தாள்காரிக்குச் சிறியது மட்டும் தெரியும்.

ஒருநாள் காலையில் கட்டைக்காரர் செருப்பு மாட்டும்போது வலது பக்கம் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. வலது கை வரவில்லை. மாடி அறையில் கட்டிலில் படுத்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய பொருளையோ பத்திரப்படுத்துவதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே கொழுந்தன் ஒரே நிற மிட்டாய் காய்ச்சிக் கடையை ஓட்டினான். ஊர் வந்து "மீன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

ஒரு மாலையில் கட்டைக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். முகத்தில் ரொம்ப நாளாக இல்லாத ஒரு தெளிச்சி.

"அடுத்த வாரம் படி இறங்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்கு நீ கட்டை கட்டு."

"நானா? எனக்குத் தாள்தானே தெரியும்?"

"எப்படின்னு நான் சொல்றேன். தம்பிக்குக் கை வேகம், பொறுமை கிடையாது. உனக்குத்தான் வரும்." சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் அந்தப் பக்கம் உட்கார்றேன். வெட்டி விழற இடத்துல. எங்க தாத்தா பார்த்ததில்ல, அப்பா பார்த்ததில்ல, நானும் பார்த்ததில்ல. கைதான் போச்சே, இப்பவாவது மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நம்ம பறவையைப் பார்த்துடறேன்."

 தாள்காரி சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டுப் படி இறங்கினாள். ஒன்று கோணலாக இருந்தால் கடைசித் துண்டு என்று சொல்லலாம். மேஜை நிறைய மீன் குவிந்தால் என்ன சொல்வது? கை போன மனுஷர். மிச்சம் இருப்பது அந்தப் பறவை. அதையும் அவர் கண்ணெதிரே பிடுங்குவதா?

கொழுந்தனிடம் போய்ச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"கண்ணாடியை ஒளிச்சு வச்சுடலாமா அண்ணி?"

"உங்க அண்ணனுக்கு எட்டத்துலதான் தெரியாது. கிட்டத்துல ஊசி கோப்பாரு."

"அப்ப மறுபடியும் மாடிக்கே அனுப்பறதுதான் வழி. படியில எண்ணெய் ஊத்தட்டுமா?"

"வாயைக் கழுவு."

"சும்மா சொன்னேன். அண்ணி, நான் சின்ன வயசுலேர்ந்து இழுக்கறேன். ஒருநாளும் பறவை வந்ததில்ல. எங்கப்பாவுக்கு வராதது, அண்ணனுக்கு வராதது, உங்களுக்கு எப்படி வரும்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் தாள்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பறவை வராது என்று யார் பார்த்தார்கள்? வரவைக்க முயன்றவர்களுக்கு அது வரவில்லை என்பதே தெரியாது. தெரிந்தவர்கள் முயலவில்லை.

மறுநாள் சமையலறையில் மாவு பிசைந்தாள். கடையிலிருந்து நீலச் சாயம் எடுத்துவந்து ஒரு பங்கில் கலந்தாள். மாடிக்குப் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, றெக்கை எங்கே, வால் எங்கே, அலகு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்து, அவர் சொன்னபடி மாவில் ஒரு கட்டை கட்டினாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரிய பறவையைப் பார்த்தாள். எடுப்பான றெக்கை, கூர் அலகு. மாமனாரும் அவர் அப்பாவும் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மெல்ல உருட்டி, இழுத்து, கத்தியால் ஒரு வில்லை வெட்டினாள்.

மீன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்பு மேடையில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து மறுபடி உருட்டினாள். இந்த முறை இழுக்க இழுக்க, வழி நெடுக வெட்டி வெட்டிப் பார்த்தாள். தொடை தடிமனில் பறவை. முழங்கை தடிமனில் றெக்கை கொஞ்சம் சாய்ந்திருந்தது. மணிக்கட்டு தடிமனில் பாதி சாய்ந்திருந்தது. விரல் தடிமனில் முதுகோடு படுத்துத் துடுப்பாகிவிட்டது. அலகு பின்வாங்கி உடம்புக்குள் புதைந்து வாயாகிவிட்டது. உருட்டுகிற கை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் அழுத்துகிறது. மெல்லிய றெக்கை அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வால் பக்கம் சாய்கிறது. அவ்வளவுதான் ரகசியம். சுவரின் திறப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற மனிதர்களுக்கு நடுவில், அந்த மேஜை நீளத்துக்குள் நடந்து முடிந்துவிட்ட கதை.

அப்போது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது. பனி கொட்டும் காலைகளில் முதலில் வெட்டி விழும் சில மிட்டாய்களில் துடுப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். கட்டை சீக்கிரம் ஆறுவதால் அப்படி. வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு மீன் கோபமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சுற்றிப் போட்டிருக்கிறாள். அது கோபமில்லை. அந்தப் பறவை எழுந்திருக்கப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் படுத்திருக்கிறது. அதை இவள் கையாலேயே தாளுக்குள் மூடியிருக்கிறாள். மாவு ஒட்டிய கையை மார்பில் வைத்துக்கொண்டு தாள்காரி அப்படியே நின்றாள்.

அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் மாவு தீர்ந்தது, வாங்கிவந்தாள், அதுவும் தீர்ந்தது. பெரியது சரியாக இருந்தால் சிறியது தப்பாகிறது என்றால், பெரியதைத் தப்பாகக் கட்ட வேண்டும். எவ்வளவு தப்பாக என்பதுதான் கேள்வி. அதற்குச் சிறியதை ஆயுசு முழுக்கப் பார்த்த கண் வேண்டும். அந்தக் கண் இவளிடம் இருந்தது. றெக்கையைத் தலைப்பக்கமாகச் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், அசிங்கமாகத் தெரியும்வரை சாய்த்தாள். அதன் அடிப்பாகத்தைத் தடியாக்கினாள். அலகைக் கொக்கின் அலகுபோல நீட்டினாள். கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, லாரியில அடிபட்ட மாதிரி இருக்கு" என்றான்.

"இழுத்துப் பாரு."

இழுத்தான். வெட்டினான். வெட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பறவை.

ஆனால் மாவு வேறு, பாகு வேறு. மாவு காத்திருக்கும். பாகு காத்திருக்காது.

கட்டைக்காரர் படி இறங்கிய நாளில் வெளியே நல்ல வெயில். கொழுந்தன் அண்ணனைத் தாங்கிக் கூட்டிவந்து, தாள் அறையில் மேஜை ஓரமாக, திறப்புக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார வைத்தான். அவர் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டையும் கண்ணாடியும் போட்டு வந்திருந்தார். இடது கையால் மேஜையைத் தடவிப் பார்த்தார். திறப்பு வழியாகக் கட்டை அறை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தாம் நின்ற இடத்தை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "ரொம்ப சின்ன இடம்" என்றார்.

பாகு கொட்டியாயிற்று. வெள்ளையைக் கொழுந்தன் கொக்கியில் மாட்டி இழுத்துக் கொடுத்தான். தாள்காரி நீலப் பட்டைகளை உருட்டினாள். கையுறையைத் தாண்டிச் சூடு ஏறியது. உடம்பை வைத்தாள், வாலை வைத்தாள், வெள்ளையை இட்டு நிரப்பினாள்.  றெக்கையை எடுத்துத் தலைப்பக்கமாகச் சாய்த்ததும் அவர் குரல் வந்தது.

"ஏம்மா, றெக்கை எங்க போகுது? நிமிர்த்து."

அவள் நிமிர்த்தவில்லை.

"நிமிர்த்துன்னு சொல்றேன்ல. அலகு ஏன் அவ்வளவு நீளம்? நான் சொன்னதைக் காதுல வாங்கினியா இல்லையா? எடுத்துடு, எடுத்துட்டு மறுபடி வை." நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். வலது கை அவரோடு எழவில்லை. "பாழாக்கறா. தம்பி, நீயாவது சொல்லேன். எங்கப்பா இதைப் பார்த்தா..."

கொழுந்தன் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாள்காரி புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவளில்லை. தேவைப்பட்டதில்லை, எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" போதுமானதாக இருந்தது. இப்போது அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நீங்க உட்காருங்க. இது என் கட்டை."

 அவர் உட்கார்ந்தார்.

சிவப்பைப் போர்த்தினாள். உருட்டத் தொடங்கினாள். இனி நிறுத்த முடியாது. மேலே உள்ளங்கை, கீழே கல், நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு றெக்கை சாய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு சாய்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மாவில் சரியாக வந்தது. பாகில் குறைவாகச் சாய்ந்தால் என்ன ஆகும்? அதிகமாகச் சாய்ந்தால்? வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. கொழுந்தன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு திறப்பைத் தாண்டினான். கட்டை அவள் கைக்குள் மெலிந்துகொண்டே போனது. தாத்தாவும் மாமனாரும் புருஷனும் இந்த இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் என்ன விழுகிறது என்று தெரியாமலே ஆயுளைக் கழித்தார்கள் என்பது அவளுக்குக் கையில் உறைத்தது. எப்படித் தாங்கினார்கள் என்று வியந்தாள். பார்க்காமலே இத்தனை நம்பிக்கை வைக்க எத்தனை பெரிய மனசு வேண்டும்.

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நசுங்கிய முதல் துண்டுகளை ஒதுக்கிவிட்டுக் கொழுந்தன் வெட்டினான். நான்கைந்து வெட்டு. பிறகு சத்தம் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட தம்பி?" என்று இவள் கத்தினாள். "என்ன ஆச்சு?"

 மறுபடி கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியது, இந்த முறை வேகமாக. அவளால் நகர முடியாது. உருட்டிக்கொண்டே நின்றாள். கடைசி முழமும் கையைவிட்டு வழுக்கிக்கொண்டு திறப்புக்குள் போனபிறகுதான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

மேஜை நிறையப் பறவைகள். ஒன்றுகூட மீன் இல்லை. ஒவ்வொன்றும் றெக்கையைத் தூக்கி, அலகை நீட்டிக்கொண்டு, நகத்தளவு வெள்ளைக்குள் பறந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் சர்க்கரைக்குள் புகுந்து நீலம் எரிந்தது. கட்டியவள் அவள்தான். ஆனாலும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன் கையால் இப்படியொன்று நடக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

கட்டைக்காரர் ஒன்றை இடது கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்திருந்தார்.  பிறகு அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"தம்பி, இது என்ன?"

"பறவை அண்ணே" என்றான் கொழுந்தன். அவன் பிறந்ததிலிருந்து சொல்லிவந்த வார்த்தையை அன்றுதான் உண்மையாகச் சொன்னான்.

"இதுக்கு முன்னாடி விழுந்ததெல்லாம்?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான்.  இதைத் தாள்காரி யோசிக்கவே இல்லை. மீனைப் பார்த்திருந்தால் அவர் ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்திருப்பார். உண்மையான பறவையைப் பார்த்த கண்ணுக்கு இனி எந்தக் காரணமும் செல்லாது. அவரிடமிருந்து மறைக்கத்தான் இவ்வளவும் செய்தாள். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஊருக்குக் கண் கோளாறு இல்ல" என்றார் அவர் மெல்ல. "அப்படித்தானே?"

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தொட்டாள். "நீங்க கட்டினது பறவைதாங்க. மாமா கட்டினதும் பறவைதான். நானே கட்டிப் பார்த்தேன், அவ்வளவு அழகு. வர்ற வழியில றெக்கை மடங்கிடுது. அது உங்க தப்பு இல்ல."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"வந்த நாள்லேர்ந்து."

"எங்கம்மாவுக்கு?"

"அவங்களுக்கும்தான். உங்க பாட்டிக்கும்."

அவர் தலை குனிந்தது. நொறுங்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.  தொட்டிருந்த முழங்கால் குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால், மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்காமல் சிரித்தார்.

"மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மீன் செஞ்சோம். மூணு பொம்பளைங்க எங்க முகத்தைப் பார்த்து ஆமாங்க ஆமாங்கன்னு சொல்லியிருக்கீங்க. ஒருத்தி வாயிலிருந்துகூடவா தப்பித் தவறி வரல?" அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இதுக்கு எப்பேர்ப்பட்ட மனசு வேணும்."

கொழுந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஊர்ல இனிமே என்னன்னு கேப்பாங்களோ" என்றான். "மீனுக்கு றெக்கை முளைச்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க, பாருங்க."

 மேஜைமேல் பறவைகள் ஆறிக்கொண்டிருந்தன. தாள்காரி எழுந்து, பழக்கதோஷத்தில் தாள் அடுக்கை எடுத்து, ஒரு தாளை இடது உள்ளங்கையில் விரித்தாள். ஈரம் ஏறுவதற்குள் மூடியாக வேண்டும். முதல் மிட்டாயை எடுத்து வைத்து, முனையை முறுக்க விரலைக் குவித்தாள்.

கட்டைக்காரர் இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார்.

"சுத்தாத" என்றார். "நான் இன்னும் பார்த்து முடிக்கல."

அவள் மிட்டாயைத் திரும்ப மேஜைமேல் வைத்து, தாளை அடியில் தள்ளிவிட்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.